ஏவுகணையின் காதை அடைப்பது

எக்ஸ்காலிபர் என்பது பீரங்கியில் வைத்துச் சுடும் 155 மில்லிமீட்டர் குண்டு. ஒன்றின் விலை சுமார் 1 லட்சம் டாலர். குண்டுக்குள் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. பறக்கும்போதே சிறு துடுப்புகளைத் திருப்பிக்கொண்டு, குறித்த இடத்துக்குச் சில மீட்டருக்குள் போய் விழும். அமெரிக்கா இதை உக்ரைனுக்குக் கொடுத்தபோது முதலில் நூற்றுக்கு 70 குண்டுகள் இலக்கைத் தாக்கின. ஆறே வாரத்தில் அந்த 70 வெறும் 6 ஆகிவிட்டது என்று அமெரிக்க ஆய்வாளர் டேனியல் பாட் 2024 மார்ச்சில் தம் நாட்டு நாடாளுமன்றக் குழுவுக்கு எழுத்துமூலம் தெரிவித்தார். ரஷ்யர்கள் அந்தக் குண்டுகளைச் சுட்டு வீழ்த்தவில்லை. வானொலி அலையில் பெரும் கூச்சல் போட்டார்கள், அவ்வளவுதான்.

கூச்சல் ஏன் இவ்வளவு வேலை செய்கிறது? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. வீட்டு பல்பு எரியும் அளவு திறனில் அங்கிருந்து கிளம்பும் அலை, தரையில் இருக்கும் ஆன்டெனாவைத் தொடும்போது பரவித் தேய்ந்துபோயிருக்கும். ஒரு வாட்டைப் பத்தாயிரம் லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் மிச்சம். கருவியின் உள்ளே எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைபாய்வதில் எழும் இரைச்சலே இதைவிடப் பெரிது. உங்கள் கைபேசி இதைக் கேட்கிறது என்பதே எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

கேட்க முடிவதற்குக் காரணம், என்ன வரப்போகிறது என்பது முன்கூட்டியே தெரியும் என்பதுதான். பொதுப் பயன்பாட்டுக்கான ஜிபிஎஸ் அலையில் ஒவ்வொரு செயற்கைக்கோளும் 1,023 துடிப்புகள் கொண்ட தனக்கே உரிய வரிசையை மில்லிவினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். கருவியிடம் அதே வரிசையின் நகல் உண்டு. வந்த இரைச்சலின் மேல் நகலை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கிறது. சரியாகப் பொருந்தும் இடத்தில் மட்டும் துடிப்புகள் ஒன்றுசேர்ந்து தலைதூக்கும். சந்தைச் சத்தத்தில் நம் பெயரை யாரோ மெல்லச் சொன்னாலும் காதில் விழுகிறதே, ஏறக்குறைய அப்படி.

ஆனால் காதருகே ஒலிபெருக்கி வைத்தால்? 20 கிலோமீட்டர் தொலைவில் ஒரு ஜாமர், அதாவது வானொலி அலையில் கூச்சல் போடும் கருவி, நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். செயற்கைக்கோளோடு ஒப்பிட்டால் தூரம் ஆயிரத்தில் ஒரு பங்கு. அலையின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மாறும் என்பதால், அதே திறனில் ஒலித்தாலும் ஜாமரின் குரல் சுமார் 10 லட்சம் மடங்கு ஓங்கியிருக்கும். ராணுவத்துக்கு உரிய மறைக்குறி ஜிபிஎஸ் அலை இன்னும் உறுதியானது என்றாலும், இந்தக் கணக்கை அது முழுவதுமாகத் தாண்டிவிட முடியாது. இந்தக் கூச்சலின் சிதறல் போர்க்களத்துக்கு வெளியேயும் விழுகிறது. பின்லாந்தின் ஃபின்னேர் விமான நிறுவனம் 2024 ஏப்ரல் இறுதியில் எஸ்டோனியாவின் தார்த்து நகருக்கான விமானங்களை ஒரு மாதம் நிறுத்திவைத்தது இந்தத் தொல்லையால்தான்.

காது அடைபட்ட ஏவுகணை உடனே வழிதவறிவிடாது. உள்ளே கைரோஸ்கோப்புகளும் முடுக்கமானிகளும் உண்டு. கண்ணைக் கட்டிவிட்டால் அடி எண்ணிக்கொண்டு நடப்போமே, அதுபோல எவ்வளவு திரும்பினோம், எவ்வளவு வேகம் பிடித்தோம் என்று கூட்டிக்கொண்டே போகும். ஒவ்வோர் அடியிலும் சிறு பிழை. நேரம் ஆக ஆக அது பெருகும். பெரிய க்ரூஸ் ஏவுகணையில் விலையுயர்ந்த கைரோ வைக்கலாம், கீழே ஓடும் நிலத்தைப் படம்பிடித்து ஒப்பிடும் கேமராவும் வைக்கலாம். பீரங்கிக் குண்டுக்கு அந்த வசதி இல்லை. சுடும் கணத்தில் புவியீர்ப்பைப் போல் பத்தாயிரம் மடங்குக்கு மேலான உதையைத் தாங்கும் கருவி மட்டுமே அதற்குள் பிழைக்கும். ஆகவே மின்னணுப் போர், அதாவது அலைகளைக் கொண்டு நடத்தும் போர், என்றால் எல்லா ஏவுகணையும் செயலிழந்துவிடும் என்பதுபோல் எழுதப்படும் செய்திகளை நம்ப வேண்டாம். சிறியவை, மலிவானவைதான் அதிகம் அடிவாங்குகின்றன.

கூச்சலைவிட நயமான வழி பொய் சொல்வது. அசலைப் போன்ற ஜிபிஎஸ் அலையைச் சற்றே உரத்து அனுப்பினால், கருவி அதைப் பிடித்துக்கொண்டு தான் வேறெங்கோ இருப்பதாக நம்பிவிடும். ஜாம் ஆனால் ‘எனக்குக் கேட்கவில்லை’ என்றாவது கருவிக்குத் தெரியும். ஏமாற்றப்பட்ட கருவிக்கு எந்தச் சந்தேகமும் வராது.

கூச்சலுக்கு மாற்று, காதுகளைக் கூட்டுவது. பல ஆன்டெனாக்களை அருகருகே வைத்தால், ஒரே அலை ஒவ்வொன்றையும் நூலிழை நேர வேறுபாட்டில் தொடும். அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டு, ஜாமர் இருக்கும் திசையில் இருந்து வருவது மட்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி கூட்டலாம். நான்கு ஆன்டெனா இருந்தால் மூன்று திசைகளைச் செவிடாக்கலாம். எதிரி நான்காவது ஜாமரைக் கொண்டுவந்து நிறுத்தினால் கணக்கு உடையும். ரஷ்யாவின் ‘கொமெட்டா’ என்ற ஜாம் தடுப்புக் கருவியில் ஆன்டெனாக்கள் 4, 8, 16 என்று ஏறிக்கொண்டே போனதன் காரணம் இதுதான்.

கப்பலைத் தாக்கும் ஏவுகணையின் காது வேறு. அது தானே ராடார் அலையை அனுப்பி எதிரொலியைத் தேடும். அதற்குப் போக்குக்காட்ட அலுமினியம் பூசிய கண்ணாடி இழைகளைக் காற்றில் தூவினால் போதும். அலைநீளத்தில் பாதி அளவுக்கு இழையை நறுக்கினால் அது அலையோடு ஒத்ததிர்ந்து, தன் உருவத்துக்குப் பொருந்தாத பேரெதிரொலியைத் தரும். 3 சென்டிமீட்டர் அலைக்கு ஒன்றரை சென்டிமீட்டர் இழை. இழைமேகம் கப்பலாகத் தெரியும். 1982 மே 25 அன்று ஃபாக்லாந்து தீவுகளுக்கு அருகே அர்ஜென்டினா இரண்டு எக்ஸோசெட் ஏவுகணைகளை ஏவியது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இழைகளைத் தூவித் தப்பித்தன. திசைமாறிய ஏவுகணைகள் மேகத்தைத் தாண்டி மறுபடி தேடின. இழை தூவும் வசதியே இல்லாத ‘அட்லான்டிக் கன்வேயர்’ என்ற சரக்குக் கப்பல் அவற்றின் பாதையில் இருந்தது. 12 பேர் இறந்தார்கள். உள்ளே இருந்த சினூக் ஹெலிகாப்டர்கள் எரிந்துபோனதால், பிரிட்டிஷ் படையினர் பலர் மூட்டைமுடிச்சோடு தீவின் குறுக்கே நடக்க வேண்டியதாயிற்று. திருப்பிவிட்ட ஏவுகணை எங்கே போகும் என்பதையும் சேர்த்து யோசிக்காவிட்டால் தற்காப்பு பாதி வேலைதான்.

இந்த ஓட்டப்பந்தயம் ஜிபிஎஸ்ஸுக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1943 செப்டம்பர் 9 அன்று இத்தாலியின் ‘ரோமா’ போர்க்கப்பலை ஜெர்மானிய விமானங்கள் ‘ஃபிரிட்ஸ் எக்ஸ்’ குண்டுகளால் மூழ்கடித்தன. குண்டின் வாலில் எரியும் ஒளியைப் பார்த்தபடியே, விமானத்தில் இருந்தவர் ரேடியோ மூலம் அதைத் திருப்பினார். நேச நாடுகள் அந்த அலைவரிசையைக் கண்டறிந்து கப்பல்களில் ஜாமர் பொருத்தின. 1944இல் இத்தாலியின் ஆன்சியோ கரையோரம் அவை பணியில் இருந்தன. ஜெர்மானியர்கள் யோசித்த பதில் எளிமையானது: ரேடியோவே வேண்டாம், கம்பி வழியாக ஆணை அனுப்பலாம். ‘ஹென்ஷல் 293’ என்ற பறக்கும் குண்டுக்குக் கம்பி கட்டிய வடிவத்தையும் உருவாக்கினார்கள். அது களத்துக்கு வரவில்லை.

எண்பது ஆண்டு கழித்து அதே யோசனை உக்ரைன் வயல்களில் பறக்கிறது. 2024 முதல் ரஷ்யாவும், பிறகு உக்ரைனும், தாக்குதல் ட்ரோனின் வயிற்றில் கண்ணாடி இழைச் சுருளை வைத்து அனுப்புகின்றன. தலைமுடி போன்ற அந்த இழை 10, 20 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிரிந்துகொண்டே போகும். படமும் ஆணையும் ஒளியாக அதற்குள்ளேயே ஓடும். வெளியே அலை இல்லை, ஆகவே ஜாம் செய்ய எதுவும் இல்லை. ஆகவே அந்த ட்ரோன்களைச் சிக்கவைக்க உக்ரைனியர்கள் சாலைகளின் இருபுறமும் கம்பம் நட்டு, மேலே வலை கட்டியிருக்கிறார்கள். அவற்றில் சில பிரான்சின் பிரெத்தாஞ் மீனவர்கள் அனுப்பிவைத்த பழைய மீன்வலைகள்.