டெவில்ஸ் அட்வகேட்: தமிழில் எப்படிச் சொல்வது?

எல்லாரும் ஒரு திட்டத்துக்குச் சரி சொல்லிவிட்ட பிறகு, அதை ஆதரிக்கும் ஒருவரே வேண்டுமென்று எதிர்க் கேள்வி கேட்பதைத்தான் ஆங்கிலத்தில் 'டெவில்ஸ் அட்வகேட்' என்கிறார்கள். திட்டத்தைக் கவிழ்ப்பது அவர் நோக்கமல்ல. ஓட்டை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தட்டிப் பார்க்கிறார். தான் சொல்வதை அவரே நம்ப வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் இந்தத் தொடரின் உயிர்.

இது கத்தோலிக்கத் திருச்சபையில் பிறந்த தொடர். ஒருவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கும் முன் அவருடைய வாழ்க்கையைத் துருவி விசாரிப்பார்கள். 1587இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் இதற்கென்றே ஒரு பதவியை முறைப்படி ஏற்படுத்தினார். பதவியின் லத்தீன் பெயர் 'ப்ரொமோத்தோர் ஃபிதேயி', அதாவது விசுவாசத்தை வளர்ப்பவர். மக்கள் வாயில் அது 'அத்வொகாத்துஸ் தியாபொலி', அதாவது அலகையின் (சாத்தானின்) வழக்கறிஞர், ஆகிவிட்டது. நோய் தீர்ந்தது உண்மையிலேயே புதுமையா (தெய்வ அற்புதமா), இயல்பாகவே குணமாகியிருக்குமா? சாட்சி சொல்பவர் மிகைப்படுத்துகிறாரா? இப்படிக் கேட்பதுதான் அவர் வேலை. பட்டம் பெறப்போகிறவர் மேல் அவருக்குப் பகை எதுவும் கிடையாது. 1983இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் விசாரணை முறையை மாற்றியபோது இந்தப் பதவியின் பங்கு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் அன்னை தெரசாவுக்கான விசாரணையில், அவரைக் கடுமையாக விமர்சித்து வந்த எழுத்தாளர் கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸை அழைத்து அவர் கருத்தையும் கேட்டார்கள்.

'சாத்தானின் வக்கீல்' என்று அப்படியே பெயர்த்தால் தமிழில் அது வசவாகத்தான் விழும். 'விதண்டாவாதம்', 'குதர்க்கம்' இரண்டும் அதைவிட மோசம். வீம்புக்குப் பேசுபவரைச் சொல்லும் சொற்கள் அவை. இவரோ முடிவு உறுதிப்பட வேண்டும் என்று பேசுபவர். 'எதிர்வாதி' பொருந்தும்போலத் தோன்றும், ஆனால் அது நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டவரைக் குறிக்கும் சொல்.

இந்த வாத முறை நமக்குப் புதிதே அல்ல. நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களில் (நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாடுகளில்) ஒன்று 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவே'. பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பேசி, பிறகு மறுப்பது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிற கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுக்கும் பகுதிக்குப் பரபக்கம் என்றும், தன் கொள்கையை நிறுவும் பகுதிக்குச் சுபக்கம் என்றும் பெயர். ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. அங்கே எதிர்க்கொள்கை கடைசியில் தோற்றே ஆக வேண்டும். இங்கே கேள்வி வலுவாக இருந்தால் முடிவே மாறலாம். அதனால் 'பரபக்கம்' நெருங்கிய சொல்தான், அதே பொருள் அல்ல.

பேச்சில் எனக்குப் பிடித்தது 'எதிர்ப்பக்கம் நின்று கேட்கிறேன்' என்பது. "ஒரு பேச்சுக்கு எதிர்ப்பக்கம் நின்று கேட்கிறேன், சரக்கு ஒரு மாதம் தாமதமானால் என்ன செய்வோம்?" என்றால் யாருக்கும் கோபம் வராது. 'ஒரு பேச்சுக்கு' என்ற இரண்டே சொற்கள், இது என் சொந்தக் கருத்தல்ல என்பதை அழகாகச் சொல்லிவிடுகின்றன. பெயர்ச்சொல் வேண்டும் என்றால் 'மாற்றுத்தரப்புப் பேச்சாளர்' என்று எழுதலாம். உண்மையிலேயே எதிர்க்கருத்து உள்ளவர் மட்டும் இந்தத் தொடருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. "எனக்கு இதில் உடன்பாடில்லை" என்று அவர் நேராகவே சொல்லிவிடலாம்.