பின்பக்கத்தை அடைக்கும் முன்

தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கிவிட்டு அதை மாற்றிக் கட்ட என்னிடம் வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் இரண்டு ஆசைகள் இருக்கும். பின்னால் கிடக்கும் இடத்தையும் சேர்த்து அடுப்படியை மதில் வரை இழுத்துவிட வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்று கைப்பேசியில் இருக்கும் ஒரு படம்: சுவர் முழுக்கச் செடி, மேலிருந்து வெயில் இறங்குகிறது, நடுவில் ஒரு மீன்தொட்டி. இரண்டும் ஒரே வீட்டில் நடக்காது என்று சொன்னால் முகம் வாடிப்போகும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் நான் பார்க்கும் வரிசை வீடுகள் பல 20 அடி அகலம், 65 அடி நீளம். நடு வீடு என்றால் இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர், ஜன்னலுக்கு வழியே கிடையாது. மிஞ்சுவது முன்பக்கமும் பின்பக்கமும்தான். ஜன்னலின் மேல்விளிம்பு 7 அடி உயரத்தில் இருந்தால் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே வருவது ஏறக்குறைய 15 அடி வரைக்கும். பின்பக்கத்தையும் கூரை போட்டு மூடிவிட்டால் நட்டநடுப் பகலில் சாமி அறைக்கு விளக்குப் போட வேண்டும், அங்கே எந்தச் செடியை வைத்தாலும் கொஞ்ச நாளில் மஞ்சளாகி உதிரும், அப்புறம் கடையில் பிளாஸ்டிக் செடி வாங்கி வைப்பார்கள்.

நான் சொல்வது ஒன்றுதான். செடியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், முதலில் வானத்துக்கு ஒரு ஓட்டை விடுங்கள். செட்டிநாட்டு வீட்டு முற்றமும் மலாக்கா, பினாங்கு பழைய கடைவீடுகளின் நடுவே உள்ள திறப்பும் இதே யோசனைதான். சூடான காற்று அந்த வழியே மேலே போகும், முன்வாசல் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். 1984ஆம் ஆண்டின் நம் நாட்டுக் கட்டட விதிகளில் இதற்கு அளவே உண்டு: 2 மாடி வரையுள்ள வீட்டுக்கு இந்தக் காற்றுவெளி குறைந்தது 7 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 2.5 மீட்டருக்குக் குறையாமல். ஏறக்குறைய எட்டேகால் அடிக்கு ஒன்பதேகால் அடி. 20 அடி அகலத்தில் இதை விட்டாலும் பக்கத்தில் ஒரு சாப்பாட்டு மேசை தாராளமாக நிற்கும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். மழைக்குப் பயந்து அந்தத் திறப்பின் மேல் வெளிச்சம் விடும் பாலிகார்பனேட் தகடு போட்டு நாலு பக்கமும் இறுக்கி மூடிவிட்டேன். வெளிச்சம் வந்தது, சூடு போக வழியில்லை. மதியம் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. தோட்டத்து லயன் வீட்டில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்த அந்த வீட்டுப் பாட்டி, "தம்பி, தோட்டத்து வீட்ல அஞ்சடியில, வாசத் திண்ணையில ஒக்காந்தா காத்து வரும், இது இட்லிச் சட்டி மாதிரி இருக்கே" என்றார். பிறகு என் செலவிலேயே தகட்டை ஓர் அடி தூக்கி, நாலு பக்கமும் காற்றுப் போக இடைவெளி விட்டுக் கொடுத்தேன். தகடே போடாமல் இரும்புக் கம்பி மட்டும் போடுவது இன்னும் நல்லது. திருடனுக்கும் பூனைக்கும் அது போதும்.

அப்படித் திறந்து விட்டால் மழை உள்ளே விழத்தான் செய்யும். ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் அந்த 7 சதுர மீட்டரில் விழும் தண்ணீர் 700 லிட்டர். அதனால் முற்றத்தின் தரையை வீட்டுத் தரையைவிட அரை அடியாவது கீழே இறக்குங்கள், தண்ணீர் போகும் துளை ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும், ஏனென்றால் ஒன்றை இலை அடைத்துக்கொள்ளும், அதுவும் நீங்கள் தைப்பூசத்துக்கு ஊருக்குப் போயிருக்கும் நாளில்தான் அடைக்கும்.

டிங்கிக் காய்ச்சல் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பூந்தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரே அதற்குத் தாராளம். தட்டே வைக்காதீர்கள், தொட்டியைக் கூழாங்கல் மேல் நிறுத்துங்கள். மீன்தொட்டி வேண்டுமானால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், மீனும் உயிரோடு இருக்க வேண்டும்.

செடி உங்கள் விருப்பம். நிழல் தாங்கும் வெற்றிலைக் கொடி, பண்டான், பெரணி எல்லாம் உள்ளே சரி, கறிவேப்பிலைக்கும் செரைக்கும் (எலுமிச்சைப் புல்) வெயில் வேண்டும், அவை வாசல் பக்கம். ஆல், அரசு வகை எதுவும் வேண்டாம், வேர் சாக்கடைக் குழாயைத் தேடிப் போகும்.

வரைபடத்தை மஜ்லிஸில் (உள்ளாட்சி மன்றத்தில்) கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வீட்டு விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரு செய்தித்தாளோடு வாசலிலிருந்து உள்ளே நடந்து பாருங்கள். எழுத்து தெரியாமல் போகும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நான் வந்தால் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பேன்.