இன்னொரு மாடி தாங்குமா?

"ஒன்றரை மடங்கு சேர்த்துத்தானே டிசைன் போட்டிருக்கிறார்கள், இன்னொரு மாடி தாராளமாகத் தாங்கும்." பழைய வீட்டின் மேல் மாடி எழுப்பும் இடங்களில் தவறாமல் காதில் விழும் பேச்சு இது. கணக்கிட்ட பாரத்துக்கு மேல் பாதுகாப்புக்காக வைக்கும் அந்த ஒன்றரை மடங்கு யாரும் எடுத்துச் செலவழிக்க வைத்த சேமிப்பு அல்ல. கலவைக்குக் கலவை கான்கிரீட் மாறுவது, கம்பி இடம் விலகுவது, பாரம் கணக்கை மீறுவது எல்லாம் அதற்குள்தான் கழிகின்றன.

விளக்கத்துக்காக ஒரு தூணை எடுத்துக்கொள்வோம். சராசரித் தாங்குதிறன் 900 கிலோநியூட்டன், திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து மதிப்புகள் சிதறும் அளவு) 135. சராசரிப் பாரம் 500, விலக்கம் 75. சராசரிகளின் வித்தியாசம் 400. விலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 154. 400-ஐ 154-ஆல் வகுத்தால் 2.6. இதற்குப் பெயர் நம்பகக் குறியீடு; கூடினால் ஆபத்து குறைவு. இயல்நிலைப் பரவலின்படி (மணி வடிவச் சிதறல்) இப்படிப்பட்ட 1000 தூண்களில் சுமார் 5 தோற்கும்.

மாடி ஏறியதும் பாரம் 650, விலக்கம் 97.5 என்றாகிறது. குறியீடு 1.5, 1000-க்கு 67 தோல்வி. தாங்குதிறனுக்கும் பாரத்துக்குமான விகிதம் 1.8-லிருந்து 1.4-க்குத்தான் இறங்கியது, ஆபத்து 14 மடங்கு ஏறிவிட்டது. மாடியே ஏற்றாவிட்டாலும், தண்ணீரைக் கண்ணளவில் ஊற்றிக் கலந்த கான்கிரீட்டால் தாங்குதிறனின் விலக்கம் 225 ஆனால் 1000-க்கு 46. விகிதம் அதே 1.8தான்! ஐரோப்பியக் கட்டுமான விதித்தொகுப்பான யூரோகோடு சாதாரணக் கட்டடங்களுக்கு 50 ஆண்டுக் கணக்கில் வைக்கும் இலக்குக் குறியீடு 3.8.

ஆகவே சராசரியோடு சிதறலையும் அளக்க வேண்டும். கான்கிரீட்டில் தட்டி, எகிறும் அளவைப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர் மட்டும் போதாது. அது மேற்பரப்பின் கடினத்தைத்தான் பார்க்கிறது. கார்பனேற்றம் ஆன (காற்றின் கார்பன் டை ஆக்சைடு ஊறி மாறிய) பழைய கான்கிரீட்டில் கூடுதலாகவே காட்டும். பிழை 25 சதவீதம் வரை போகலாம். குறைந்தது மூன்று கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுங்கள், கம்பியை முதலில் ஸ்கேன் செய்துவிட்டு. இந்தியக் கான்கிரீட் தரநிலையான ஐ.எஸ். 456 கேட்பது, கோர்களின் சராசரி எதிர்பார்த்த கியூப் வலிமையில் (சோதனைக் கனசதுரம் தாங்கும் அழுத்தம்) 85 சதவீதம், எந்த ஒரு கோரும் 75-க்குக் குறையாமல். உடைத்த இடத்தில் பினாப்தலீன் என்ற நிறங்காட்டிக் கரைசலைத் தெளித்துப் பாருங்கள்: இளஞ்சிவப்பு வராத, அதாவது கார்பனேற்றம் ஆன, ஆழம் கம்பியைத் தொட்டிருந்தால் துருவுக்கு வழி திறந்துவிட்டது.

இதுவரை ஒரு தூண். கீழே பார்க்கிங் விட்டு ஒன்பது தூண்களில் நிற்கும் வீட்டில், ஒன்று போனால் எல்லாம் போகும் என்றால் அது தொடர் அமைப்பு. தூண்கள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி மாறுபட்டால், மாடி ஏறாத நிலையிலேயே 1000-க்கு 5 என்பது 42 ஆகிறது. ஒரே சிமெண்ட், ஒரே மேஸ்திரி என்றால் தூண்களுக்குள் ஒற்றுமை கூடும், ஒன்பதும் ஒரே தூண் போல நடக்கும். உண்மை 5-க்கும் 42-க்கும் நடுவில் எங்கோ. அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றில் 1928-ல் திறந்த சில்வர் பாலத்தில் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டே இரண்டு கண்பட்டைகள் (முனைகளில் துளையுள்ள எஃகுப் பட்டைகள்). 1967 டிசம்பர் 15 அன்று ஒரு பட்டை விரிசலில் முறிந்தது. பாரத்தை வாங்கிக்கொள்ள வேறு வழியில்லாமல் பாலம் முழுதும் விழுந்து 46 பேர் இறந்தார்கள்.

வீட்டில் அந்த மாற்று வழியைத் தருவது, தூணைத் தாண்டித் தொடர்ச்சியாக ஓடும் பீமின் அடிக்கம்பி. வரைபடத்தில் முதலில் தேட வேண்டியது அதைத்தான். இல்லையென்றால், தூண்களைச் சுற்றிப் புது உறை போடும் ஜாக்கெட்டிங் செய்த பிறகே மாடியைப் பற்றிப் பேசலாம்: சுற்றிலும் 100 மி.மீ. கான்கிரீட், புதுக் கம்பிகள் அடித்தளத்துக்குள் இறங்க வேண்டும். தரைமட்டத்தில் வெட்டி நிறுத்திய ஜாக்கெட்டுக்குச் செலவு மட்டும் அதேதான்.