சாயப்பட்டறையின் பேட்ச் கார்டுகளைப் படிக்கக் கற்போம்

திருப்பூர்ச் சாயப்பட்டறைக்குள் வரும் ஒவ்வொரு ஆர்டரும் புதிதுதான். நிறமும் துணி வகையும் ஜிஎஸ்எம்மும் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) ஆர்டருக்கு ஆர்டர் மாறுவதால், நேற்றுச் சரியாக வந்த ரெசிபி இன்றும் கைகொடுக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. லேப் டிப்பில், அதாவது ஆய்வகத்தில் சிறு துண்டுத் துணியில் சாயமேற்றிப் பார்க்கும் மாதிரியில், ஒப்புதல் பெற்ற ஷேடு, சாஃப்ட் ஃப்ளோ எனும் சாயமேற்றும் மெஷினில் வெளிறி வந்தால் அடிஷன் போட வேண்டும், அதாவது கூடுதல் சாயம் சேர்க்க வேண்டும். அதிலும் தேறாவிட்டால் சாயத்தை உரித்து மீண்டும் ஏற்ற வேண்டும். அடர்நிறங்களுக்குப் பெரும்பாலும் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் உப்பு தேவைப்படுகிறது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதைத் தொடர்ந்து, கழிவுநீரை வெளியேற்றாத முறை கட்டாயமாகிவிட்ட இவ்வூரில், மறுசாயத்தில் கூடும் உப்புநீர் முழுவதையும் சுத்திகரித்து ஆவியாக்கும் செலவு நம் தலையில்தான் விழுகிறது.

இதற்கான விடை, மூட்டை கட்டி வைத்திருக்கும் பழைய பேட்ச் கார்டுகளிலேயே, அதாவது ஒவ்வொரு முறை சாயமேற்றியதையும் குறித்துவைத்த பதிவு அட்டைகளிலேயே, இருக்கிறது. அவற்றைக் கணினியில் ஏற்றி, ஒளிந்திருக்கும் தொடர்புகளைத் தேடுவதே தரவு அகழ்வு, அதாவது டேட்டா மைனிங்.

நான் பணியாற்றிய ஒரு பட்டறையில், அடிஷன்கள் இரவு ஷிஃப்டில்தான் அதிகம் என்று முதல் அட்டவணை காட்டியது. ஆபரேட்டர்கள்மீது பழி விழ இருந்தது. அட்டவணையோடு நிறுத்தாமல், கேள்வி கேள்வியாகக் கேட்டுத் தரவைக் கிளைகளாகப் பிரிக்கும் முடிவு மரம் எனும் கணிப்பு முறையில் கார்டுகளை மேலும் பிரித்துப் பார்த்தோம். வெளுப்பு முடிவதற்கும் சாயம் ஊற்றுவதற்கும் இடைப்பட்ட நேரம் குறைந்த லாட்டுகளே (ஒரே முறையில் சாயமேற்றும் துணித் தொகுதிகளே), எந்த ஷிஃப்டாக இருந்தாலும், வெளிறியிருந்தன. அவசர ஏற்றுமதி லாட்டுகள் பெரும்பாலும் இரவில் ஏற்றப்பட்டதால், அலசும் நேரத்தைச் சுருக்கியிருந்தார்கள். வெளுப்புக்குப் போட்ட பெராக்சைடு துணியில் மிச்சம் இருந்தால் அது ரியாக்டிவ் சாயத்தைச் சிதைத்துவிடும். சோதனைத் தாளை நனைத்துப் பார்த்ததும் அது உறுதியானது. கணினி காட்டுவது தடயம் மட்டுமே. காரணத்தை மெஷின் அருகே நின்றுதான் உறுதிசெய்ய வேண்டும்.

ஒத்த ஷேடுகளைக் குழுவாக்கி, வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறத்துக்கு வரிசைப்படுத்தி மெஷின் கழுவலைக் குறைக்கவும் இதே கார்டுகள் உதவும்.

இவை அனைத்துக்கும் கார்டு உண்மை பேச வேண்டும். அடிஷன் போட்டதை எழுதினால் திட்டு விழும் என்று அஞ்சும் ஃபிட்டரும் மேற்பார்வையாளரும் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் எழுதுவதற்காக யாரிடமும் அபராதம் பிடிக்க மாட்டோம் என்று நிர்வாகம் அறிவிக்காத பட்டறைக்கு, மென்பொருள் வாங்குமாறு நான் பரிந்துரைப்பதில்லை.