காலிபிரேஷன்: செருப்புக் கட்டையிலிருந்து சாயாத பாப்பர் வரை

நடைமுறைக் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் மதிப்பெண் பற்றி எழும் சச்சரவுகளில் கணிசமானவை ஒரே சொல்லைச் சுற்றி வருகின்றன: காலிபிரேஷன். அளவுக்கருவிகளைப் பற்றிப் பேசும்போது இதை 'அளவுத்திருத்தம்' என்கிறோம். தராசுக்கும் வெப்பமானிக்கும் அது பொருத்தமான சொல்தான். சுடுகளத்தில் அது பாதி வேலையைத்தான் செய்கிறது. அங்கே காலிபிரேஷன் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு செயல்கள் நடக்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் போட்டியாளர்கள் புள்ளிகளை இழக்கிறார்கள்.

முதலில் சொல்லின் வழி. ஆங்கிலத்தில் 'காலிபிரேட்' என்ற வினை 19ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு மூலமான 'காலிபர்' அதைவிட மூத்தது. 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் என்பது அதன் பொருள். பிரெஞ்சுக்கு முன்னால் அரபு மொழியின் 'காலிப்' நிற்கிறது என்பது பெரும்பாலான அகராதியாளர்களின் கருத்து. காலிப் என்றால் வார்ப்பு அச்சு. செருப்பு தைப்பவர் தோலை இழுத்துப் பொருத்தும் கால்வடிவக் கட்டைக்கும் அதே பெயர். அரபுச் சொல்லை இன்னும் பின்னே கொண்டுபோனால் கிரேக்கத்தில் அதே செருப்புக் கட்டையைக் குறிக்கும் சொல்லில் முடிகிறது. அதைப் பிரித்தால் மரம், கால் என்று இரண்டு துண்டு. நாம் நெல் அளக்கும் மரக்காலும் அதே இரண்டு துண்டால் ஆனது. அது தற்செயல்தான், உறவு எதுவும் இல்லை. ஆனாலும் இரு மொழியிலும் மரமும் காலும் சேர்ந்து ஓர் அளவுப் பொருளுக்குப் பெயரானது மனத்தில் நிற்கிறது. பள்ளி ஆய்வகத்தில் பார்த்த வெர்னியர் காலிப்பரும் இந்தக் குடும்பத்தில் பிறந்ததே.

அச்சு, குழலின் விட்டம், அளவைச் சரிபார்த்தல் என்று பொருள் நகர்ந்திருக்கிறது. 'இந்தப் பொருள் வைத்த அளவுக்கு ஒத்து வருகிறதா' என்ற கேள்வி மட்டும் எல்லாக் கட்டத்திலும் மாறவில்லை. தமிழில் இதே கேள்வியைச் சுமக்கும் பழைய சொல் 'கட்டளை'. செங்கல் அறுக்கும் அச்சுக்கும் அந்தப் பெயர் உண்டு. பொன்னின் மாற்றறியும் உரைகல்லுக்குக் கட்டளைக்கல் என்று பெயர். 'தத்தம் கருமமே கட்டளைக் கல்' என்கிறது 505ஆம் குறள். அச்சு, அளவு, விதி மூன்றும் ஒரே சொல்லில் அமைந்திருப்பது அரபுச் சொல்லின் பயணத்தை அப்படியே ஒத்திருக்கிறது. ஆனால் இன்று 'கட்டளையிடு' என்றால் ஏவு என்றுதான் காதில் விழும். அதனால் வினையாக இதைப் பயன்படுத்த இயலாது. தொகைச்சொல்லின் முன்பகுதியாக வைத்துக்கொள்ளலாம்; அதைக் கீழே பார்ப்போம்.

இனி சுடுகளம். இங்கே சொல்வது ஐ.பி.எஸ்.சி. எனப்படும் சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் கைத்துப்பாக்கி விதிகளின்படி. அந்தக் கூட்டமைப்பு 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து கொலம்பியா நகரில் தொடங்கப்பட்டது; முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். அதன் குறிக்கோள் மூன்று லத்தீன் சொற்கள், தமிழில் துல்லியம், வலு, வேகம். துல்லியத்தை அட்டை இலக்கு அளக்கிறது. வேகத்தை டைமர் அளக்கிறது. வலுவை நேரில் உணரும் இலக்குதான் பாப்பர். எஃகுத் தகடு ஒன்று கீழே கீலில் நின்றுகொண்டிருக்கும், போதிய வலுவோடு குண்டு பட்டால் பின்னால் சாயும். பெரியது 85 செ.மீ. உயரம், சிறியது 56 செ.மீ. சாய்ந்தால் 5 புள்ளி. நின்றால் எவ்வளவு பலமாக 'டங்' என்று ஒலித்தாலும் பயனில்லை, அது தவறிய குண்டுதான். அப்போது அந்த 5 புள்ளியும் போய், தண்டமாக இன்னும் 10 கழிக்கப்படும். (பழைய பாப்பருக்குப் 'பெப்பர் பாப்பர்' என்று பெயர். அது மிளகைக் குறிக்கவில்லை. அதை வடிவமைத்த ஜான் பெப்பரின் பெயர்.)

இங்கே முதல் காலிபிரேஷன் வருகிறது: போட்டி தொடங்குமுன் பாப்பரை அளவுக்கு நிறுத்துவது. பாப்பரின் பின்புறத்துத் திருகைக் கூட்டிக் குறைத்தால் அது நிற்கும் சாய்வு மாறும். முன்பக்கம் சற்றுச் சாய்ந்து நின்றால் தள்ள அதிக வலு வேண்டும். நிமிர்ந்து நின்றால் குறைவு போதும். எந்த அளவுக்கு நிறுத்துவது என்பதை அதற்கென ஒதுக்கிய துப்பாக்கியும் தோட்டாவும் முடிவு செய்கின்றன. அந்தத் தோட்டாவின் பவர் ஃபேக்டர், அதாவது வலு எண், 115க்கும் 125க்கும் இடையே இருக்க வேண்டும். கணக்கு எளியது: குண்டின் எடையை கிரெயின் என்ற சிறு எடை அலகிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். 124 கிரெயின் குண்டு நொடிக்கு 960 அடி போனால் 119.04. இது தகுதி பெறும். 1040 அடி போனால் 128.96, மிகுதி.

இந்த எல்லை ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகள் தாமாகவே விளங்கும். போட்டியாளரின் தோட்டாவுக்கு மைனர் எனப்படும் குறைந்த வலு வகையில் குறைந்தபட்சத் தேவை 125. அதைவிட மெலிந்த தோட்டாவே பாப்பரைச் சாய்க்கிறது என்று முன்கூட்டி நிறுவிவிட்டால், விதிப்படியான எந்தத் தோட்டாவும் அதே இடத்தில் பட்டால் சாய்க்க வேண்டும். பாப்பரை அளவுக்கு நிறுத்த ஒதுக்கிய அந்தத் தோட்டாவைப் போட்டிக்கு முன் குண்டின் வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் அளந்து, களத்தின் தலைமை அதிகாரியான ரேஞ்ச் மாஸ்டர் ஒப்புக்கொண்ட பிறகு, போட்டியாளர் யாரும் அதைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. பொன்னை உரைக்க வந்தவர் உரைகல்லைச் சந்தேகிக்க இடமில்லாததுபோல. அதனால் இதற்கு 'கட்டளைத் தோட்டா' என்ற பெயரைப் பரிந்துரைக்கிறோம்.

இரண்டாவது காலிபிரேஷன் போட்டியின் நடுவே வருகிறது. குண்டு பட்டது, ஒலித்தது, பாப்பர் நிற்கிறது. போட்டியாளருக்கு மூன்று வழி உண்டு. சாயும்வரை மறுபடி சுடலாம். சுட்டபடியே மதிப்பெண் விழும். விட்டுவிட்டு முறையிடாமல் போகலாம்; தவறியதாகக் கணக்கு. அல்லது நிற்கவிட்டு, 'இது சரியாக நிறுத்தப்படவில்லை' என்று முறையிடலாம். மூன்றாவது வழியை எடுத்தால் அந்தப் பாப்பரையும் அது நிற்கும் மண்ணையும் யாரும் தொடக்கூடாது. நடுவர் தொட்டுவிட்டால் போட்டியாளருக்கு மறுசுடுகை. போட்டியாளரோ வேறொரு போட்டியாளரோ தொட்டுவிட்டால் அது தவறியதாகவே நிற்கும். காற்றில் தானாக விழுந்துவிட்டால் மறுசுடுகை.

நடைமுறையில் அதிகம் கெடுவது இந்த இடம்தான். சுட்டு முடித்ததும் உடன் சுடும் குழுவினர் அட்டை இலக்குகளின் ஓட்டைகளை ஒட்டவும் பாப்பரைத் தூக்கி நிறுத்தவும் விரைகிறார்கள். நல்லெண்ணத்தோடு ஒருவர் கை வைத்தால் முறையீடு அங்கேயே செத்துவிடும். ஆகவே முறையிட நினைப்பவர் துப்பாக்கியைக் காலி செய்து உறையிலிட்டதும், களம் திறக்கப்படுமுன்பே, உரக்கச் சொல்ல வேண்டும்.

யாரும் தொடாமல் இருந்தால் சோதனை அதிகாரி, போட்டியாளர் சுட்ட இடத்துக்கு முடிந்த அளவு அருகே நின்று கட்டளைத் தோட்டாவால் சுடுவார். பாப்பரின் மேற்பகுதியில் குறிக்கப்பட்ட சோதனை வட்டத்திலோ அதற்குக் கீழோ பட்டுச் சாய்ந்தால் பாப்பர் சரி, போட்டியாளருக்குத் தவறியதாக எழுதப்படும். அங்கே பட்டும் சாயாவிட்டால் பாப்பர் பிழை. மறுபடி அளவுக்கு நிறுத்தியபின் போட்டியாளர் அந்த ஸ்டேஜை, அதாவது அந்தச் சுடுகைச் சுற்றை, முழுதும் மறுபடி சுட வேண்டும். வட்டத்துக்கு மேலே பட்டால்? சாய்ந்தாலும் பாப்பர் சோதனையில் தோற்றதாகவே கொள்ளப்படும், மறுசுடுகை உண்டு. முற்றிலும் தவறினால் அதிகாரி மறுபடி சுடுவார்.

மேலே பட்டால் தோல்வி, கீழே பட்டால் சரி என்பது பலருக்குத் தலைகீழாகத் தெரிகிறது. நெம்புகோலை நினைத்தால் போதும். கீல் அடியில் இருக்கிறது. கீலிலிருந்து எவ்வளவு உயரே அடிக்கிறோமோ அவ்வளவு எளிதில் தகடு சாயும். மெலிந்த தோட்டா தாழ்வான இடத்தில் பட்டே சாய்த்துவிட்டால் பாப்பரின்மேல் குறை சொல்ல இடமில்லை. உச்சியில் பட்டுச் சாய்ந்தால் அது எதையும் நிரூபிக்கவில்லை. ஐயத்தின் பலனை விதி போட்டியாளருக்குத் தருகிறது.

இந்தச் சோதனை போட்டியாளரின் குண்டு எங்கே பட்டது என்று கேட்பதே இல்லை. ஓரத்தில் உரசிப்போன குண்டு தன் வலுவில் சிறு பங்கைத்தான் தகட்டுக்குத் தரும், பாப்பர் நிற்கும். அதிகாரியின் குண்டு நடுவே பட்டால் அதே பாப்பர் விழும். எனவே பெயிண்டில் தெரியும் குறியைக் காட்டி வாதாடிப் பயனில்லை. முறையிடுமுன் அந்தக் குறியை எட்ட நின்று பார்த்துக்கொள்வது மட்டும் பயனுள்ளது. வட்டத்தின் நடுவே முழுக் குறி இருந்தால் முறையிடக் காரணம் உண்டு. நாள் முழுக்க அடி வாங்கிய பாப்பரின் அடிமண் இறங்குவதும், கீலில் மணலும் ஈயத்தூளும் சேர்வதும் வழக்கம்; காலையில் சரியாக நின்றது மாலையில் மாறியிருக்கும்.

எப்போது முறையிடலாம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒருவர் தடங்கல் இல்லாமல் 18 நொடியில் 114 புள்ளி எடுத்திருப்பார் என்று வைப்போம். ஹிட் ஃபேக்டர், அதாவது நொடிக்குப் புள்ளி, 6.33. சாயாத பாப்பரை 0.8 நொடி செலவழித்து மறுபடி சுட்டால் 114ஐ 18.8ஆல் வகுக்க, 6.06. நிற்கவிட்டு முறையீட்டில் தோற்றால் 99ஐ 18ஆல் வகுக்க, 5.50. முன்னதில் இழப்பு சிறிது, பின்னதில் பெரிது. முறையீடு வென்றாலும் கிடைப்பது மறுசுடுகை மட்டுமே. முதல் ஓட்டத்தில் நன்றாக விழுந்த எல்லாமும் அழிந்துபோகும். குண்டு மிச்சம் இருந்தால் மறுபடி சுடுவதே பெரும்பாலும் நல்லது என்பது எங்கள் கருத்து. மேகசினில் குண்டு தீர்ந்து, மாற்றவும் வழியில்லாதபோது முறையீடு அர்த்தமுள்ளதாகிறது.

சோதனை நடந்த முறையே தவறென்றால் ரேஞ்ச் ஆபீஸர், தலைமை ரேஞ்ச் ஆபீஸர், ரேஞ்ச் மாஸ்டர் என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். அதன்பின் நடுவர் குழுவிடம் போவதானால் சம்பவம் நடந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில், கட்டணத்தோடு தர வேண்டும். கட்டளைத் தோட்டாவின் வலு மிகுதி என்பதை அங்கேயும் வாதமாக வைக்க முடியாது. அதிகாரி தொலைவான இடத்திலிருந்து சுட்டார், பாப்பரை நடுவர் தொட்டார் போன்றவற்றை வைக்கலாம்.

ஆகத் தமிழில் எப்படிச் சொல்வது? காலிபர் என்பதற்குத் 'துளைவிட்டம்'. கருவிகளுக்கு 'அளவுத்திருத்தம்' அப்படியே இருக்கட்டும். போட்டிக்கு முன் பாப்பரைத் திருகிச் சரிசெய்வது 'அளவமைப்பு'. முறையீட்டின்பேரில் சுட்டுப் பார்ப்பது 'அளவுச்சோதனை'; அங்கே எதையும் திருத்துவதில்லை, பார்க்க மட்டுமே செய்கிறோம், ஆகையால் திருத்தம் என்ற சொல் அங்கே பிழை. குறிக்கப்பட்ட பகுதி 'சோதனை வட்டம்'. களத்தில் முறையிடும்போது மட்டும் 'காலிபிரேஷன்' என்றே சொல்ல வேண்டும். விதிகளின் ஆங்கில வடிவமே முடிவானது, நடுவரின் காதுக்குப் பழகியதும் அதுதான். புதிதாக வருபவருக்கு ஸ்டேஜை விளக்கும்போது தமிழில் இவ்வளவு போதும்: "பாப்பர் சாயலைன்னா உடனே இன்னொண்ணு போடுங்க. அப்பவும் நிக்குதுன்னா, முடிச்சதும் யாரையும் கிட்ட விடாம காலிபிரேஷன்னு சொல்லுங்க."