ஏலம் என்று கேட்ட பிறகு வசூலுக்குக் கிளம்பாதீர்கள்

இந்த மாதமும் ஒரு குடும்பத்தின் வீடு ஏலத்தில் போய்விட்டது. அக்கம்பக்கத்தார், ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள், கோயில் கமிட்டி எல்லாரும் சேர்ந்து திரட்டிக் கட்டிய பணம் கடன் கணக்கில் வரவாகியிருக்கிறது. வீடு மட்டும் மிஞ்சவில்லை. கடன் வசூல் தீர்ப்பாயத்தில் சிறு வீட்டுக்காரர்களுக்காக வழக்கு நடத்துகிற எனக்கு இதைத் திரும்பத் திரும்பப் பார்த்து ஆற்றாமையாக இருக்கிறது.

"கொஞ்சம் கட்டிவிட்டால் ஏலத்தை நிறுத்திவிடுவார்கள்" என்று யார் சொல்லித் தருகிறார்களோ தெரியவில்லை. நிறுத்த மாட்டார்கள். மாதத் தவணை 9,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதம் டியூ கட்டவில்லை என்றால் பாக்கி 76,000. மூன்று மாதம் தாண்டியபோதே அது வாராக்கடன் ஆகிவிட்டது. இப்போது தெருவே சேர்ந்து 70,000 கட்டுகிறது. மிச்சம் ஒரு தவணைகூட இல்லையே, சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. அசல், வட்டி இரண்டிலும் மொத்த நிலுவையும் தீர்ந்தால்தான் கணக்கை வாராக்கடன் பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. 70,000 கட்டினாலும் வாராக்கடன் வாராக்கடன்தான், நடவடிக்கை தொடரும். பல ஒப்பந்தங்களில் கட்டும் பணம் முதலில் செலவுக்கும் வட்டிக்கும் போகும் என்று எழுதியிருப்பதால், அசல் குறைவதும் சொற்பம்.

இதைவிடக் கொடுமை, வசூல் தொடங்கும் நேரம். அடமான வீட்டைக் கோர்ட்டுக்குப் போகாமலே கைப்பற்றி ஏலம் விட வங்கிக்கு வழி கொடுக்கிற சர்ஃபாசி சட்டப்படி முதலில் 13(2) நோட்டீஸ் வரும். 60 நாளில் மொத்தக் கடனையும் கட்டு என்று கேட்கும். அப்போது யாரும் அசைவதில்லை. வெட்கப்பட்டு பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். பேப்பரில் ஏல விளம்பரம் வந்த பிறகுதான் ஊர் கூடுகிறது. இந்தச் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, தவணைப் பாக்கியை மட்டுமல்ல, மொத்தக் கடனையும் செலவையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைக்கும்தான். 2023-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதன்பின் முழுத் தொகையோடு போய் நின்றாலும் வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை.

அதனால் உண்டியலை எடுப்பதற்கு முன்னால் நோட்டீஸை எடுங்கள். எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு அழைத்தால் போதும். 13(2) நோட்டீஸுக்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் 15 நாளில் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டைக் கைப்பற்றும் சுவாதீன நடவடிக்கை எடுத்துவிட்டார்களா? தீர்ப்பாயத்துக்கு வர 45 நாள். அந்த நாற்பத்தைந்தை வீணடித்துவிட்டு வருகிறவர்களிடம் நான் என்ன சொல்ல?

அப்புறம், எவ்வளவு திரட்ட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நிலுவையை முழுவதும் கட்டினால் கணக்கைச் சீராக்குவார்களா, அல்லது ஒரே தவணையில் சமரசத் தொகையா, கடைசி நாள் எது என்று கடிதம் வாங்குங்கள். வசூல் ஏஜென்ட் வாசலில் நின்று கொடுக்கும் வாக்கு தீர்ப்பாயத்தில் நிற்காது. அவர் கையில் ரொக்கம் கொடுக்கவே கூடாது. திரட்டிய பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போகட்டும், கொடுத்தவர் பெயரும் தொகையும் ஒரு நோட்டில் இருக்கட்டும். இலக்கை எட்ட முடியாது என்று தெரிந்தால் அரைகுறையாகக் கட்டாமல் முதலில் பேச்சுவார்த்தை நடத்துங்கள். அந்தப் பணம் குடும்பத்துக்கு வாடகை அட்வான்ஸாகவாவது உதவும்.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் விருந்து வைத்து மொய்ப் பணம் திரட்டும் மொய் விருந்து வழக்கத்தைச் சொல்லிச் சிலர் யோசனை கேட்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மொய் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். மாதத் தவணையே கட்ட முடியாத குடும்பத்தின் தலையில் அதையும் ஏற்றுவதற்கு முன் அவர்களின் வருமானத்தைக் கணக்குப் போடுங்கள். நிலுவை தீர்ந்த மறுமாதமே அடுத்த டியூ வந்து நிற்கும். அதற்கும் சேர்த்துத் திரட்ட முடிந்தால் திரட்டுங்கள். முடியாவிட்டால் கால அவகாசத்தை நீட்டித் தவணையைக் குறைக்கச் சொல்லி, நோட்டீஸ் வருவதற்கு முன்பே, முதல் டியூ தவறிய மாதமே எழுதிக் கேளுங்கள். தயவுசெய்து அந்த மாதமே.