ஷெங்கன்: ஓர் ஊர்ப்பெயர் வலயப்பெயரான வரலாறு

ஐரோப்பியப் பயணத்துக்கு விண்ணப்பிக்கும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் சொல் ‘ஷெங்கன் விசா’. தமக்கிடையிலான எல்லைகளில் ஆட்களைச் சோதிப்பதை நீக்கிக்கொண்ட நாடுகளின் வலயத்துக்கான விசா அது. இதைச் சில நாடுகளின் முதலெழுத்துகளைக் கோத்த சுருக்கம் என்றோ, ஒப்பந்தம் எழுதியவரின் பெயர் என்றோ கருதுவோர் உண்டு. ஆனால் ஷெங்கன் என்பது லக்சம்பர்க் நாட்டின் தென்கிழக்கு மூலையில், திராட்சைத் தோட்டங்கள் சூழ, மோசெல் ஆற்றங்கரையில் அமைந்த ஒரு சிற்றூர். ஆற்றின் எதிர்க்கரையில் ஜெர்மனியின் பெர்ல் இருக்கிறது. சற்றுத் தெற்கே பிரான்சின் அப்பாக் இருக்கிறது.

ஊரைப் புரிந்துகொள்ள நாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். லக்சம்பர்க்கின் பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 6.8 லட்சம், அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் வெளிநாட்டுக் குடிமக்கள். லக்சம்பர்கியம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்று மொழிகளும் அங்கு வழங்குகின்றன. 963ஆம் ஆண்டு ஆவணத்தில் ‘லூசிலின்புர்ஹுக்’ என்று காணப்படும் பெயரே பின்னாளில் லக்சம்பர்க் ஆயிற்று. ‘சிறு கோட்டை’ என்பது அதன் பொருள். பெருங்கோமகன் (கிராண்ட் டியூக்) அரசத் தலைவராக உள்ள நாடுகளில் உலகில் எஞ்சியுள்ள ஒரே நாடும் இதுதான். அண்டை நாடுகளிலிருந்து நாள்தோறும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்து வந்து வேலை செய்து திரும்புகின்றனர். ஆகவே எல்லைச் சோதனை என்பது இந்நாட்டுக்கு அன்றாட வாழ்வையே தொடும் செய்தி.

சிறிய நாடு என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் இடமும் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. 1951இல் ஒன்றியத்தின் முன்னோடியான நிலக்கரி, எஃகுச் சமூகத்தைத் தோற்றுவித்த ஆறு நாடுகளில் லக்சம்பர்க்கும் ஒன்று. அச்சமூகத்தின் உயர் ஆணையம் 1952இல் பணியைத் தொடங்கியது லக்சம்பர்க் நகரில்தான். ஐரோப்பிய நீதிமன்றம், தணிக்கை மன்றம், ஐரோப்பிய முதலீட்டு வங்கி ஆகியவை இன்றும் அங்கேயே இயங்குகின்றன. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் 720 இடங்களில் 6 மட்டுமே அதற்கு உரியவை என்றாலும், காஸ்டோன் தோர்ன், ஜாக் சான்டேர், ஜான்-குளோட் யுங்கர் என ஐரோப்பிய ஆணையத்துக்கு மூன்று தலைவர்களை அது தந்திருக்கிறது. பெரிய அண்டை நாடுகள் இரண்டும் மோதியபோதெல்லாம் நசுங்கிய நாடு, அவை ஒரே மேசையில் அமர்வதைத் தன் பாதுகாப்பாகவே கண்டது என்பது என் கருத்து.

1984இன் தொடக்கத்தில் சுங்க ஊழியர்களின் போராட்டத்தால் எல்லைகளில் நாள்கணக்கில் தேங்கி நின்ற லாரி ஓட்டுநர்கள் சாலைகளை மறித்தனர். அந்த நெருக்கடிக்குப் பின், அதே ஆண்டு ஜூலையில் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் தமக்கிடையிலான சோதனைகளைத் தளர்த்தச் சார்புரூக்கன் நகரில் உடன்பட்டன. ஏற்கெனவே பெனலக்ஸ் என்னும் கூட்டமைப்பாக இருந்த பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியவை அதில் இணைய விரும்பின. பிரான்ஸ், ஜெர்மனி, பெனலக்ஸ் மூன்றும் சந்திக்கும் இடம் ஷெங்கன் என்பதால் கையெழுத்துக்கு அவ்வூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1985 ஜூன் 14 அன்று, ‘பிரின்செஸ் மரி-அஸ்ட்ரிட்’ என்ற பயணக் கப்பலில், மோசெல் ஆற்றின்மேல் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. பிரதமர் எவரும் அங்கு வரவில்லை. அந்த ஆற்றுப் பகுதிக்கு ஒரு தனித்தன்மை உண்டு: லக்சம்பர்க்கும் ஜெர்மனியும் எதிரெதிராக உள்ள இடங்களில் ஆற்றின் நடுவே எல்லைக்கோடு இல்லை, நீர்ப்பரப்பு முழுவதும் இரு நாடுகளின் கூட்டு ஆட்சிக்கு உட்பட்டது.

அன்று எழுதப்பட்டது அடக்கமான ஓர் ஆவணம். குறைந்தது 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள பச்சை வட்டத்தை முன்கண்ணாடியில் ஒட்டிய கார்கள், எல்லையில் வேகத்தைக் குறைத்தால் போதும், நிற்க வேண்டியதில்லை என்பது அதன் விதிகளில் ஒன்று. சோதனையை முழுமையாக நீக்கும் விதிகள் 1990 ஜூன் 19 அன்று அதே ஊரில் கையெழுத்தான இரண்டாம் ஆவணத்தில்தான் வந்தன. 1995 மார்ச் 26 அன்று ஏழு நாடுகளில் அவை நடைமுறைக்கு வந்தன. தமிழில் இரண்டையும் ‘ஷெங்கன் ஒப்பந்தம்’ என்றே எழுதிவிடுவதால் ஆண்டுகள் குழம்புகின்றன. முன்னதை ‘ஷெங்கன் உடன்பாடு’ என்றும், பின்னதை ‘ஷெங்கன் செயற்படுத்தல் ஒப்பந்தம்’ என்றும் பிரித்து எழுதுவது நல்லது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ஊர்ப்பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. கிரந்தம் தவிர்ப்போர் ‘செங்கன்’ என எழுதுவதும் ஏற்கத்தக்கதே, ‘செங்கண்’ என்ற நம் சொல்லோடு மயங்காமல் பார்த்துக்கொண்டால். ஆனால் பொருளைச் சொல்லும் தொடரில் கவனம் தேவை. ‘எல்லையற்ற ஐரோப்பா’ என்பது கவர்ச்சியான தொடர், பிழையான தொடர். எல்லைகள் அப்படியே இருக்கின்றன. உறுப்பு நாடுகளுக்கு இடையிலான எல்லைகளில் ஆட்களைச் சோதிக்கும் வழக்கம் மட்டுமே நீக்கப்பட்டிருக்கிறது. அதையும் தற்காலிகமாக மீட்டெடுக்க விதிகள் இடம் தருகின்றன: 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது, அதை லக்சம்பர்க் எதிர்த்தது. ஆகவே ‘உள்ளெல்லைச் சோதனையற்ற வலயம்’ என்பதே பொருளுக்கு நேரான தொடர். முதல்முறை அவ்வாறு விளக்கிவிட்டு, பின்னர் ‘ஷெங்கன் வலயம்’ என்று எழுதலாம்.

இவ்வலயத்தையும் ஐரோப்பிய ஒன்றியத்தையும் ஒன்றாகக் கருதுவது மற்றொரு பிழை. 1999 மே மாதம் முதல் ஷெங்கன் விதிகள் ஒன்றியச் சட்டத்தின் பகுதியாக இருக்கின்றன. எனினும் ஒன்றிய உறுப்பினர்களான அயர்லாந்தும் சைப்ரசும் வலயத்துக்கு வெளியே உள்ளன. ஒன்றியத்தில் சேராத நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவை உள்ளே உள்ளன. பல்கேரியா, ருமேனியா நாடுகளின் நில எல்லைச் சோதனை 2025 ஜனவரி 1 அன்று நீங்கிய பின் மொத்தம் 29 நாடுகள். பாரிசிலும் ஓஸ்லோவிலும் சூரிக்கிலும் உறவினர் உள்ள யாழ்ப்பாணத்துக் குடும்பத்தார் மூன்று இடங்களுக்கும் ஒரே நுழைவிசைவில் (விசாவில்) போய்வரலாம். இலண்டனுக்குத் தனி நுழைவிசைவு வேண்டும்.

‘ஷெங்கன் விசா’வை ‘ஷெங்கன் நுழைவிசைவு’ எனலாம். அது குறுகிய காலத் தங்கலுக்கு மட்டும் உரியது, வேலை அனுமதி அன்று. எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் வலயம் முழுவதற்கும் சேர்த்து 90 நாள்களே தங்கலாம். விண்ணப்பத்தை மிகுதியான நாள்கள் தங்கப்போகும் நாட்டிடமும், நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடமும் அளிக்க வேண்டும்.